கணக்கு நம் பெயரில், பணம் யார் பெயரில்?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நம் பாலிங் வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர், ஒருநாள் ஜும்ஆவுக்குப் பின் நம்மிடம் வந்து ஒரு வழக்கைச் சொன்னார். வழக்கு என்றால் கோர்ட்டு வழக்கன்று, வீட்டு வழக்கு. கோர்ட்டு வழக்குக்கு வக்கீல் உண்டு, தவணை உண்டு. வீட்டு வழக்குக்கு இரண்டுமில்லை. பெருநாள் தோறும் அது புதுப்பிக்கப்படும். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

அவருடைய வாப்பா நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ரஜூலா கப்பலேறி வந்தவர். இங்கே தோட்டத்துப் பாட்டாளிகளுக்குச் சாமான் கொடுத்து, சம்பள நாளில் வசூலித்து, மிச்சம் பிடித்து, ஊரில் ஓட்டு வீடொன்று கட்டினார். பெற்றோர் இருவரும் மௌத்தாகிவிட்டனர். வாரிசுகள் மூவர்: இவர், கோலக்கெட்டிலில் இருக்கும் லாத்தா, சிங்கப்பூரில் இருக்கும் தங்கை. ஊர் வீட்டில் விளக்கேற்ற ஆளில்லை என்று மூவரும் பேசி விற்றுவிட்டார்கள். சகோதரிகள் இருவரும் அதிகாரப் பத்திரம் எழுதித் தந்தார்கள். பணம் ஊர் பாங்கியிலிருந்து கிளம்பி, பாலிங்கில் இவருடைய கணக்கில் வந்து சேர்ந்தது. இதுவரை எல்லாம் ஒழுங்கே.

பணம் வந்தது ரமலானுக்குச் சில வாரங்கள் முன்னர். கடைக்குத் துணிமணி எடுக்கும் சமயம். இவர் அந்தப் பணத்தையும் சேர்த்துச் சரக்கெடுத்துவிட்டார். பெருநாள் கழிந்தது. லாத்தா கேட்டார், "வரும்" என்றார். தங்கை தொலைபேசியில் கேட்டாள், "கணக்கு என் பெயரில் இருக்கிறது, நான் ஓடிவிடவா போகிறேன்?" என்றார். இதற்கிடையில் பண மாற்று விகிதமும் மாறிவிட்டது. எந்த நாள் விலைக்குப் பங்கு பிரிப்பது, வரியும் பாங்கிக் கட்டணமும் யார் தலையில் என்ற கேள்விகள் முளைத்தன. நம்மிடம் வந்தபோது அவர் கேட்டது இது: "நான் தானே அலைந்தேன், நான் தானே வாங்கினேன், இதில் எனக்கு ஒரு சௌகரியமும் கூடாதா?"

அலைச்சலுக்குக் கூலி கேட்பது பாவமன்று. முன்கூட்டியே வாய்விட்டுக் கேட்டு, மற்றவர் சம்மதித்தால் அது ஹலால். கேளாமல் எடுத்துக்கொண்டால் அதற்கு வேறு பெயர். அவருடைய நெஞ்சிலே இருந்த முடிச்சு வேறு. "கணக்கு என் பெயரில்" என்ற அந்தச் சொல்தான் அது. பாங்கியின் ஏட்டில் நம் பெயர் இருப்பதால் பணம் நம்முடையதாகிவிடும் என்று நம்மில் எத்தனையோ பேர், வெளியே சொல்லாவிட்டாலும், உள்ளூர நினைக்கிறோம்.

ஜுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் சரித்திரம் சஹீஹ் புகாரியில் விரிவாக வருகிறது. மக்கள் தங்கள் பணத்தைக் காப்பாற்றித் தரும்படி அவர்களிடம் கொண்டு வருவார்கள். அவர்களோ அதை அமானத்தாக ஏற்க மறுத்து, கடனாகவே ஏற்பார்கள். காரணம் யாது? அமானத்துப் பொருள் காவலனுடைய கவனக்குறைவின்றித் தொலைந்தால் நஷ்டம் சொந்தக்காரனுக்கு. கடன் தொலைந்தாலோ நஷ்டம் வாங்கியவனுக்கு. மக்களின் பொருள் வீணாகிவிடுமோ என்று அஞ்சி, பாரத்தை அவர்கள் தம் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். அதை அவர்கள் பயன்படுத்தினார்கள் என்றாலும், சொந்தக்காரருக்குச் சொல்லிவிட்டே பயன்படுத்தினார்கள். நம் சகோதரர் செய்ததும் பிறர் பணத்தைத் தொழிலில் போட்டதுதான். ஆனால் லாத்தாவிடம் ஒரு சொல் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் அந்த ஒரு சொல்தான்.

ஜுபைர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 36-இல் கொல்லப்பட்டபோது கடன் 22 லட்சம் இருந்தது. கையில் ரொக்கமில்லை, நிலமும் வீடுகளும் இருந்தன. 1,70,000-க்கு வாங்கிய அல்காபா என்னும் நிலத்தை மகனார் அப்துல்லாஹ் (ரலி) 16 லட்சத்துக்கு விற்றார்கள். கடன்கள் அடைந்தன. உடனே சகோதரர்கள், எங்கள் பாகத்தைப் பிரித்துத் தா என்றார்கள். அப்துல்லாஹ் (ரலி) இணங்கவில்லை. நான்கு வருடம், ஒவ்வொரு ஹஜ்ஜுக் காலத்திலும், என் தந்தை மீது கடன் உள்ளவர் எவராயினும் வரட்டும் என்று கூட்டத்தில் அறிவித்த பின்னரே பிரித்தார்கள். அங்கே பிறருக்குச் சேர வேண்டியது முழுதும் போய்ச் சேரட்டும் என்று தாமதம் செய்தார்கள். இங்கே பிறருக்குச் சேர வேண்டியது நம் அலமாரியில் துணியாக அடுக்கப்பட்டுத் தாமதமாகிறது.

இனி அந்த நாணய மாற்று விஷயம். இதில்தான் நம்மவர் பலர் அறிந்தோ அறியாமலோ சறுக்குகிறார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒட்டகங்களைத் தீனாருக்கு விற்று, அதற்குப் பதில் திர்ஹமாக வாங்குவதும் உண்டு. இது பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டபோது கிடைத்த விடையின் சாரம் இது: அன்றைய விலைக்கு வாங்கினால் குற்றமில்லை, இருவரும் பிரியும்போது இடையில் பாக்கி எதுவும் நிற்கக்கூடாது. பொன் நாணயத்துக்கும் வெள்ளி நாணயத்துக்கும் சொன்ன இந்தச் சட்டம் ரூபாய்க்கும் ரிங்கிட்டுக்கும் பொருந்தும் என்பது இக்கால ஆலிம்களின் தீர்ப்பு. பாங்கி நம் கணக்கில் வரவு வைத்தாலே அது கையில் பெற்றதற்குச் சமம் என்று 1990-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமியும் தீர்மானித்தது. ஆகவே 'அன்றைய விலை' எது என்று தேடித் திரிய வேண்டியதில்லை. ரூபாய் ரிங்கிட்டாக மாறி வரவு வைக்கப்பட்ட நாளன்று பாங்கி போட்ட விலைதான் அது. பிறகு ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும், மாறிவிட்ட பணம் மாறியதுதான்.

நம் பெரியவர்களுக்கு இதில் ஒரு பழைய பரீட்சை வந்தது. மலாயா வெள்ளி 2 ஷில்லிங் 4 பென்ஸ், ரூபாய் 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று இரண்டும் பவுனோடு கட்டப்பட்டிருந்த காலத்தில், 100 வெள்ளிக்கு ஏறக்குறைய 155 ரூபாய் என்பது மனப்பாடக் கணக்கு. 1966 ஜூன் 6-இல் இந்திய அரசாங்கம் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒரே இரவில் அதே 100 வெள்ளி சுமார் 245 ரூபாயாயிற்று. மே மாதத்தில் ஒரு தோட்டத்துத் தொழிலாளி, ஊரிலுள்ள தாய்க்கு அனுப்பும்படி 100 வெள்ளியைக் கடைக்காரரிடம் கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் மறதியால் ஜூலையில் அனுப்புகிறார். தாய்க்குப் போக வேண்டியது 155-ஆ, 245-ஆ? வெள்ளி தொழிலாளியுடையது, அது மாறும் நாள் வரை அவருடையதே, ஏறிய 90 ரூபாயும் அவர் தாயுடையதே. 'கொடுத்த நாள் கணக்கு' என்று 155-ஐ மட்டும் அனுப்பி மீதியை மடியில் கட்டியிருந்தால், மறுமையில் அந்தத் தாய்க்கு அவர் பதில் சொல்ல வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1967 நவம்பரில் பவுன் மதிப்புக் குறைந்தபோது, இங்கே பழைய மலாயா வெள்ளித்தாள் ஒன்றுக்கு 85 காசுதான் என்றாகிவிட்டது. பினாங்கில் ஹர்த்தால் நடந்து கலவரமாக முடிந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பிறருடைய பழைய நோட்டைப் பத்திரமாகத் தகரப்பெட்டியில் வைத்திருந்தவர் அந்த 15 காசை ஈடுசெய்யக் கடமைப்பட்டவரல்லர். அமானத்தில் ஏற்றமும் இறக்கமும் சொந்தக்காரனுக்கே. ஏற்றத்தை எனக்கு, இறக்கத்தை உனக்கு என்று பங்கு வைக்கும் வியாபாரி அல்லாஹ்வோடு வியாபாரம் செய்யவில்லை, விளையாடுகிறான்.

நிற்க. சகோதரிகளுக்குச் சந்தேகம் பிறந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அது அண்ணனின் குற்றமன்று, அறியாமை. வெளிநாட்டுப் பணம் எப்படி வருகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இன்னும் நாம் 'டி.டி.' என்றே சொல்கிறோம், தந்தி மாற்று என்ற பழைய பெயரின் சுருக்கம் அது. இந்தியாவில் தந்திச் சேவையே 2013 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் உயிரோடிருக்கிறது. உண்மையில் பணம் எதுவும் கம்பி வழியே ஓடுவதில்லை. ஒரு பாங்கி இன்னொரு பாங்கிக்குச் செய்தி அனுப்புகிறது. அந்தப் பாங்கியில் தனக்குள்ள இருப்பிலிருந்து இன்னாருக்கு இவ்வளவு கொடு என்கிறது. அவ்வளவே. இந்தச் செய்திகளை எடுத்துச் செல்லும் சுவிஃப்ட் என்னும் சங்கம் 1973-இல் பெல்ஜியத்தில் ஏற்பட்டு, 1977 முதல் வேலை செய்கிறது. இரண்டு பாங்கிகளுக்கும் நேரடித் தொடர்பில்லையென்றால் நடுவே மூன்றாவது பாங்கி ஒன்று நுழையும். அது தன் கட்டணத்தைப் பணத்திலேயே கழித்துக்கொள்ளும். ரூபாய் பெரும்பாலும் அமெரிக்க டாலராகி, டாலர் பிறகு ரிங்கிட்டாகும். இரண்டு முறை மாறும்போது இரண்டு முறை தேயும்.

சிங்கப்பூர்த் தங்கை கைப்பேசியில் விகிதம் பார்த்துப் பெருக்கினாள். கைப்பேசி காட்டுவது சந்தையின் நடுவிலை. பாங்கி போடுவது அதன் கொள்முதல் விலை. இரண்டும் ஒன்றாக இராது. அவள் கணக்குக்கும் அண்ணன் சொன்ன தொகைக்கும் வித்தியாசம் விழுந்தது. அண்ணன் பாங்கியிடம் வரவுச் சீட்டை வாங்கி, தேதி, விகிதம், கழிவு மூன்றையும் காட்டியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அவர் காட்டவில்லை. காட்டச் சொன்னதே தமக்கு அவமானம் என்று நினைத்தார். குர்ஆன் ஷரீபிலேயே மிக நீண்ட வசனம் எது? தொழுகை பற்றியதன்று, நோன்பு பற்றியதன்று. அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம். கடனை எழுதிவைக்கச் சொல்லி, சாட்சி வைக்கச் சொல்லி, சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிக்காதீர் என்று கட்டளையிடுவது. எழுதுவது சந்தேகத்தால் அன்று, சந்தேகம் வராதிருக்க. ரப்புல் ஆலமீன் அவமானமாகக் கருதாததை நாம் ஏன் அவமானமாகக் கருத வேண்டும்?

இதைவிட நல்ல வழி, ஒவ்வொரு வாரிசின் பங்கும் அவரவர் கணக்குக்கே நேராக வருவது. இந்தியப் பூர்வீகமுள்ள அயல்நாட்டுப் பிரஜைகள் அங்கே என்.ஆர்.ஓ. என்னும் ரூபாய்க் கணக்கு வைத்து, வாரிசுச் சொத்து விற்ற பணத்தை வரி கட்டியபின், பட்டயக் கணக்காளர் சான்றுடன், ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே எடுத்துவரச் சட்டம் இடம் தருகிறது. நம்மவர் வீடு விற்ற பணம் அந்த எல்லையைத் தொடப்போவதில்லை. ஆனால் பெயர் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். ஊர்ப் பத்திரத்தில் வாப்பாவின் பெயர் முன்னெழுத்தாக இருக்கும்; இங்கே அடையாளக் கார்டில் 'பின்', 'பிந்தி' என்று பின்னால் வரும்; முகம்மது என்ற ஒரே திருநாமத்தை ஆங்கிலத்தில் ஐந்து விதமாக எழுதுகிறோம். பாங்கியின் இயந்திரத்துக்கு ஐந்தும் ஐந்து ஆட்கள். எழுத்துப் பிசகால் பணம் வந்த வழியே திரும்பிப் போவதும், இரண்டு பக்கமும் கட்டணம் கழிவதும் உண்டு. கார்டில் உள்ளபடியே பெயரையும், கணக்கு எண்ணையும், எட்டு அல்லது பதினோரு எழுத்துள்ள சுவிஃப்ட் குறியையும் எழுத்தில் அனுப்புங்கள். வாயால் சொல்லாதீர்கள்.

நம் சகோதரரிடம் ஆரம்பத்தில் வேறொருவர் யோசனை சொன்னாராம்: "நானா, இந்தச் சான்று, வரி எல்லாம் எதற்கு? உண்டியலில் போடுங்கள், மூன்று நாளில் வந்துவிடும்" என்று. உண்டியலை நாம் வைய மாட்டோம். மார்க்கத்தில் அதற்கு முன்மாதிரி உண்டு. மேலே சொன்ன அதே அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்கள் மக்காவில் மக்களிடம் திர்ஹம் வாங்கிக்கொண்டு, இராக்கிலிருந்த தம் சகோதரர் முஸ்அபுக்குச் சீட்டெழுதித் தருவார்கள். அங்கே போய் அவர்கள் பெற்றுக்கொள்வார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அதில் குற்றம் காணவில்லை. நம் பாட்டன்மார் காலத்து உண்டியலும் பெரும்பாலும் அந்த நம்பிக்கையின் மீதே ஓடியது. அக்காலத்தில் சீட்டெழுதியவரையும் தெரியும், கொடுப்பவரையும் தெரியும்.

இன்றைய உண்டியல் அதுவன்று. ஊரில் நீங்கள் கொடுத்த ரூபாய் ஊரிலேயே நின்றுவிடும். இங்கே உங்கள் கணக்கில் ரிங்கிட் வந்து விழும். அதைப் போட்டது யார்? உங்களுக்கு முன்பின் தெரியாத ஒரு பெயர். அது எவருடைய பணம்? எங்கோ ஒரு கிழவியைத் தொலைபேசியில் பயமுறுத்தி, போலீஸ் பேசுகிறோம் என்று சொல்லி, அவளுடைய சேமிப்பை மோசடியாகப் பிடுங்கிய பணமாகவும் இருக்கலாம். அவள் புகார் கொடுத்தால், பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். தடம் உங்கள் கணக்கில் முடியும். கணக்கு முடக்கப்படும். கடைச் சரக்குப் பணமும், பிள்ளையின் கல்லூரிப் பணமும் அதோடு முடங்கும். இந்நாட்டில் பணம் அனுப்பும் தொழில் நடத்த 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாங்க் நெகாராவின் லைசென்ஸ் வேண்டும். இந்தியாவிலோ 1999-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டம் இருக்கிறது.

மலாய்க்காரர்கள் இப்படிப்பட்ட கணக்குக்கு வைத்திருக்கும் பெயர் 'அக்காவுன் கெல்டாய்'. கழுதைக் கணக்கு! சூரத்துல் ஜுமுஆவை ஓதும்போது நமக்கு இது நினைவு வராமலிருப்பதில்லை. பாங்கு சொன்னால் வியாபாரத்தை விட்டு வாருங்கள், தொழுகை முடிந்தால் கலைந்து சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள் என்று வியாபாரிகளாகிய நம்மைப் பார்த்துப் பேசும் அதே சூராவில்தான், ஏட்டுச் சுமையை முதுகில் தாங்கியும் அதில் என்ன இருக்கிறது என்றறியாத கழுதையின் உவமையும் வருகிறது. வேதம் கொடுக்கப்பட்டும் அதைச் சுமக்காதவர்களுக்குச் சொன்ன உவமை அது. என்றாலும் தன் முதுகில் என்ன ஏறியிருக்கிறது என்று கேளாதவன் எவனும் அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கழுதைக்காவது கேட்க வாயில்லை.

பிறருக்குத் தன் கணக்கைக் கொடுப்பதைத் தனிக் குற்றமாக்கி 2024-இல் மலேசியத் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. 'நண்பன் கேட்டான், ஏ.டி.எம். அட்டையைக் கொடுத்தேன், எனக்கொன்றும் தெரியாது' என்பது தற்காப்பாகாது போகலாம். நம் கடைகளில் வேலை செய்யும் இளம் பிள்ளைகளிடம்தான் இந்த வலையை வீசுகிறார்கள். மாதம் சில நூறு வெள்ளி தருகிறோம், கணக்கை மட்டும் கொடு என்பார்கள். முதலாளிமார்கள் இதைப் பிள்ளைகளுக்குக் காதில் போட்டு வைக்க வேண்டும். அறியாத பணம் கணக்கில் விழுந்தால் செலவழிக்காமலும், கேட்டவருக்குத் தாமே திருப்பி அனுப்பாமலும், உடனே பாங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். மோசடியில் பணத்தைப் பறிகொடுத்தவர் 997 என்ற எண்ணைத் தாமதமின்றி அழைக்க வேண்டும். 2022-இல் ஏற்படுத்தப்பட்ட அந்த மையம் பணத்தின் தடத்தைப் பிடிக்க முயலும்.

பிறருக்குச் சொல்லும் நாமும் சுத்தமில்லை. சில வருடங்களுக்கு முன் தெரிந்தவர் ஒருவர், தம் நண்பருக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறது, இரண்டு நாள் உங்கள் கணக்கில் நிற்கட்டும் என்றார். நாமும் முகதாட்சண்யத்துக்குச் சரியென்றோம். பணம் வந்த மறுநாள் பாங்கியிலிருந்து அழைப்பு: இது என்ன பணம், அனுப்பியவர் உங்களுக்கு யார்? நம்மால் ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லை. அல்லாஹ்வின் கிருபையால் அது முறையான பணமாகவே இருந்தது. ரசீது வந்தது, விஷயம் முடிந்தது. ஆனால் அந்த அரை நிமிட மௌனத்தை நாம் இன்னும் மறக்கவில்லை. கேட்டவர் ஒரு பாங்கி குமாஸ்தாதான்.

மீண்டும் நம் சகோதரரின் வீட்டுக்கு வருவோம். அன்று நாம் அவரிடம் பெரிய உபதேசம் செய்யவில்லை. வரவுச் சீட்டை எடுத்துவரச் சொன்னோம். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற பராயிள் கணக்குப்படி மொத்தம் நான்கு பங்கு. இவருக்கு இரண்டு, சகோதரிகளுக்கு ஒவ்வொன்று. ஊர் வரி, சான்றுச் செலவு, பாங்கிக் கழிவு மூன்றும் அதே விகிதத்தில் பிரியும். ஒருவர் தலையில் மட்டும் ஏறாது. சரக்கெடுத்ததற்கு லாத்தாவிடமும் தங்கையிடமும் வாய்விட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னோம். அதற்குத்தான் கொஞ்சம் தயங்கினார். பணத்தை எண்ணி வைப்பது அவருக்கு எளிதாயிருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் கோலக்கெட்டிலுக்குப் போனார். லாத்தா சீட்டை வாங்கி மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தாராம். நடுப் பாங்கி கழித்த தொகையில் விரலை வைத்து, "இது யார் தம்பி, நமக்குத் தெரியாமல் வாப்பா வீட்டில் பங்கு வாங்கியவர்?" என்று கேட்டிருக்கிறார். சிங்கப்பூரிலிருந்து கைப்பேசியில் கேட்டுக்கொண்டிருந்த தங்கை சிரித்துவிட்டாள். பிறகு லாத்தா தம் பங்குக்கு ஒரு ரசீது எழுதிக் கையெழுத்திட்டு, அதன் நகலொன்றைத் தம்பியிடம் கொடுத்து, சோறு சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

வஸ்ஸலாம்.